எனக்குப் பதில் நின்றவர்கள்

கார்த்திகை நெருங்கினால் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து பித்தளை விளக்குகள் இறங்கிவிடும். அம்மா இருந்த காலத்தில் புளியும் அடுப்புச் சாம்பலும்தான். கிணற்றடியில் உட்கார்ந்து விரலெல்லாம் கறுத்துப்போகத் தேய்ப்பாள். இப்போது கிணறும் இல்லை, சாம்பலும் இல்லை. மருமகள் கடையிலிருந்து ஒரு டப்பா பிராசோ வாங்கி வந்து, என் பழைய பனியனைக் கிழித்து, திண்ணையில் உட்கார்ந்து விளக்கு துலக்கிக்கொண்டிருந்தாள். அந்த நெடி கூடத்துக்குள் வந்ததும் நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"தலைவலிக்குதா மாமா? கொல்லைக்குப் போயிடட்டா?"

"இங்கியே தேய்ம்மா."

"அவருக்கு அது சாம்பிராணி மாதிரி," என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

பட்டாளத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் மூக்கில் ஏறிய நெடி அது. வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில், சாயங்கால ரோல்காலுக்கு முன்னால் பாரக் முழுக்க இதுதான் மணக்கும். பெல்ட் பக்கிள், தொப்பி பேட்ஜ், தோள்பட்டை எழுத்து என்று உடம்பில் எங்கே பித்தளை இருந்தாலும் அதில் உஸ்தாத் தன் முகத்தைப் பார்க்கவேண்டும். நீலகிரிக் குளிரில் விரல் விறைத்திருக்கும். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசியபடி தேய்ப்போம். 1758இல் தொடங்கிய ரெஜிமென்ட் அது. அதன் சிப்பாய்களுக்கு இந்திய ராணுவம் முழுக்க ஒரே செல்லப்பெயர், தம்பி. வடக்கே ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்கினால், முன்பின் தெரியாத சர்தார் ஹவில்தார்கூட "ஏ தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிப் பித்தளை துலக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்தச் செய்தி என் காதில் விழுந்தது. வெலிங்டன் முடிந்து பட்டாலியனுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. காஷ்மீரில் மலைக்கு ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் தங்கியிருந்தோம். ரோல்காலில் கம்பெனி ஹவில்தார் மேஜர் ஆணைகளை வாசித்தார். நாங்கள் அவரை சி.எச்.எம். என்போம். யாருக்கு லீவு, யாருக்கு டியூட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு ஃபால் இன். கடைசியாக, ஆர்மி கேடட் கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் கம்பெனி ஆபீஸில் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு வரி. லங்கரிலிருந்து பருப்புத் தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்ததால் அந்த வரியை யாரும் காதில் வாங்கவில்லை.

வாங்கியவர் ஒருவர் இருந்தார். எங்கள் எஜுகேஷன் ஹவில்தார், கொல்லத்துக்காரர். பட்டாலியனில் வரைபடம் படிக்கவும், இந்தித் தேர்வுக்கும், கடிதம் எழுதவும் சொல்லிக்கொடுப்பவர். அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்ற என்னைத் தனியே இழுத்தார்.

"தம்பி, நீ பிளஸ் டூ பாஸ் அல்லே? பின்னே எந்தா பேர் கொடுக்காத்தது?"

நான் சிரித்தேன். அதிகாரிகள் எல்லாம் வேறு ஏதோ கதவு வழியாக வருகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். கடக்வாஸ்லா, டேராடூன் அகாடமிகளுக்கு நேரே போகிற, பெரிய ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கான கதவு. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1932இல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி தொடங்கியபோது முதல் அணியில் 40 பேர். அதில் 15 பேர் படையிலேயே சிப்பாய்களாக இருந்து தேர்வானவர்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் முகம்மது மூசா, 1926இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். அதே அணியில் படித்த இன்னொருவர் சாம் மானெக்‌ஷா. பின்னாளில் இவர் இந்தியத் தரைப்படைக்குத் தளபதி, அவர் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தளபதி.

"அகாடமி துடங்கிய அன்னைக்கே சிப்பாய்க்கு அங்கே கட்டில் போட்டிருந்தது," என்றார்.

அந்தக் கட்டிலுக்கு ஆள் தயார் செய்ய ஒரு கல்லூரியும் இருந்தது. பண்டேல்கண்டில் நௌகாங் என்ற ஊரில் 1929இல் ஆரம்பித்த கிச்சனர் கல்லூரி. அதுதான் 1960இல் ஆர்மி கேடட் கல்லூரி ஆனது. பிறகு புனேவுக்குப் போய், 1977இல் டேராடூனுக்கு வந்து அகாடமியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. 2006 முதல் அகாடமியின் ஒரு பிரிவாகவே இயங்குகிறது. விதியெல்லாம் எளிமையானவை. வயது 20க்கும் 27க்கும் நடுவில், குறைந்தது 2 வருட சர்வீஸ், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி. மூன்று வருடம் கல்லூரியில் படிக்கவேண்டும். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும். அதன்பின் அகாடமியில் ஒரு வருடம். தரைப்படை, கடற்படை, விமானப்படை எதிலிருந்தும் வரலாம்.

விதி எளிமை, காகிதம் நகர்வது கடினம். படையில் ஒரு சிப்பாயின் எந்தக் காகிதமும் தானாக நடக்காது, ஒவ்வொரு மேஜையாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். முதலில் பிளட்டூனின் ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர், அதாவது ஜே.சி.ஓ. சாப், பிறகு கம்பெனியின் சீனியர் சுபேதார் சாப், பிறகு கம்பெனி கமாண்டர், அதன்பின் கமாண்டிங் ஆபீசர். நடுவில் ஹெட் கிளார்க். அவர் என் சர்வீஸ் பதிவான ஷீட் ரோலைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மை இருக்கிறதா என்று பார்த்தார். தண்டனை பெற்றிருந்தால் சிவப்பு மையில் பதிவாகும். ஒரு சிவப்பு வரி போதும், அதிகாரி கனவை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி பக்கிள் துலக்கப் போகலாம். என் தாள் நீல மையாகவே இருந்தது. "சைக்கிளுக்கு லைட் இல்லாமகூட ஓட்டினதில்லையா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

சுபேதார் சாப் அப்படிச் சுலபமாக விடவில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தியே பேசாதவர்.

"எதுக்குடே ஆபீசர் ஆகணும்?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த தேசசேவைப் பதிலைச் சொன்னேன்.

"அது இப்பவே செய்யுதேல்லா. வேற சொல்லு."

வேறு பதில் என்னிடம் இல்லை. "யோசிச்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டார். ஆனாலும் மறுநாள் காலை பார்த்தால் காகிதம் கம்பெனி கமாண்டர் மேஜைக்குப் போயிருந்தது. அந்தக் கேள்வியை மட்டும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குள் பட்டாலியன் மலை ஏறிவிட்டது. மேலே பித்தளைக்கு வேலை இல்லை. பனி, மணல் மூட்டை, மண்ணெண்ணெய் புகாரி. பங்கருக்குள் புகாரி அடுப்பின் கரி மூக்கில் படிந்து, தும்மினால் கைக்குட்டை கறுக்கும். அந்த வெளிச்சத்தில்தான் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும், அட்டை போன காம்பெடிஷன் சக்சஸ் ரிவ்யூ இதழ்களும் படித்தேன். எஜுகேஷன் ஹவில்தார் அடிவாரத்திலிருந்து ரேஷன் வரும் கோவேறு கழுதைகளோடு ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளை அனுப்புவார். நான் எழுதி அதே கழுதையில் திருப்பி அனுப்புவேன். திருத்தங்கள் வந்து சேர்வது பனியின் மனநிலையைப் பொறுத்தது. இன்று பையன்கள் கைப்பேசியில் பாடம் கேட்கிறார்கள், மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். நல்லதுதான். எனக்கு வாய்த்த தபால்காரருக்கு நாலு கால் இருந்தது.

படிக்கப் புத்தகம் கிடைத்தாலும் நேரம் கிடைக்காது. போஸ்டில் ஆள் குறைவு. ராத்திரி சென்ட்ரி இரண்டு மணி நேரம் நின்றால், கொஞ்சம் தூங்கி மறுபடி எழவேண்டும். பகலில் பனி வெட்ட வேண்டும், தண்ணீருக்குப் பனி உருக்க வேண்டும். படிப்பதற்கென்று யாருக்கும் டியூட்டி குறையாது, குறையவும் கூடாது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நடுராத்திரி முறைக்கு என்னை எழுப்ப வேண்டியவன் எழுப்பவில்லை. அனந்தப்பூர்க்காரன். என் முறையையும் சேர்த்து அவனே நின்றுவிட்டு, காலையில் கண் சிவக்க வந்து டீ மக்கை நீட்டினான். ஏன்டா என்றால், "நாகு நித்ர ராலேது" என்றான். தூக்கம் வரவில்லையாம்! அந்தப் பனியில் நின்றுகொண்டே தூங்கக்கூடியவன் அவன்.

அடுத்த வாரம் ஆரணிப் பக்கத்துப் பையன் ஒருவன். பிறகு பாலக்காட்டு லான்ஸ் நாயக் ஒருவர். சி.எச்.எம்.முக்குத் தெரியாமல் இதெல்லாம் நடக்காது. டியூட்டிப் பட்டியல் அவர் கையில்தான் இருந்தது. யார் பெயர் எதற்கு மாறியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் ஒருவனே தொடர்ந்து நிற்காதபடி ஒரு கண் வைத்திருந்தார். பகலில் நானும் அவர்கள் பங்குப் பனியை வெட்டினேன், விறகும் சுமந்தேன். அதனால் கணக்கு நேராகிவிட்டதாக நான் நினைத்ததில்லை.

எழுத்துத் தேர்வு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு. எழுதினேன், தேறினேன். எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியம்தான் உண்மையான மேடு. பெங்களூருக்கு ரயில் வாரண்ட் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கி, பாதி இந்தியாவைக் குறுக்கே கடந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியபோது மல்லிகைப்பூ விற்கிற குரல் கேட்டு கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனதும் முதலில் கழற்றுவது ரேங்க். மார்பில் ஒரு எண் எழுதிய துணியைக் கட்டிவிடுவார்கள். செஸ்ட் நம்பர். அந்த ஐந்து நாளுக்கு அதுதான் பெயர். எங்கள் குழுவில் எல்லோரும் சீருடைக்காரர்கள். விமானப்படைக் கார்ப்பரல் ஒருவர், கடற்படை ஆள் ஒருவர், சீக்கிய ரெஜிமென்ட் நாயக், கூர்க்கா ஒருவன், பீரங்கிப் படை ஹவில்தார் ஒருவர், சிப்பாய்கள் சிலர். இப்போது முதல் நாளே வடிகட்டிப் பாதிப் பேரை ரயிலேற்றிவிடும் முறை உண்டு. அது பிற்பாடு வந்தது. அன்று வந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை இருந்தோம்.

உளவியல் தேர்வில் ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுதவேண்டும். அப்படிப் பன்னிரண்டு. கடைசிப் படம் வெற்றுத் தாள். அதற்குக் கதை நாமே படைக்கவேண்டும். நான் புகாரி அடுப்பையும், ஒரு கழுதையையும், பனியில் வழி தவறிய ஒரு ரேஷன் குழுவையும் எழுதினேன். பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, சொல்லைப் பார்த்ததும் ஒரு வாக்கியம். யோசித்து நல்லவனாக நடிப்பதற்கு நேரமே தராத ஏற்பாடு. சிப்பாய்க்கு இது வசதிதான். யோசிக்காமல் உடனே செய்யத்தானே எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

கஷ்டம் மைதானத்தில் வந்தது. பலகை, கழி, கயிறு கொடுத்துத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். எல்லோரும் சேர்ந்து பேசி வழி கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் குழுவில் யாருமே வாயைத் திறக்கவில்லை. எல்லோர் கண்ணும் தானாகவே ஹவில்தார் பக்கம் போயிற்று. பல வருடப் பழக்கம், சீனியர் சொல்லட்டும் என்று காத்திருந்தோம். அவரோ, தேர்வு அதிகாரியைப் பார்த்துவிட்டு, உதட்டை அசைக்காமல் இந்தியில் முணுமுணுத்தார்: "பேசுங்கடா. இங்கே நான் ஹவில்தார் இல்லை, ஏழாம் நம்பர்." அதன்பிறகுதான் குழு உயிர் பெற்றது.

கமாண்ட் டாஸ்க் என்று ஒன்று உண்டு. நாம் தலைவன், குழுவிலிருந்து நமக்கு வேண்டிய துணையாட்களை நாமே கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து அட்டென்ஷனில் நின்றார். என்னைவிட மூத்த ஒரு ஹவில்தாரை, "அந்தப் பலகையைத் தூக்குங்கள், இங்கே வையுங்கள்" என்று நான் சொல்லவேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, என் யோசனையில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தும் நான் சொன்ன இடத்தில் வைத்தார். பலகை நழுவியது. "சார், கழியைக் கட்டிப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். கட்டினோம், நின்றது. ஒரு நல்ல ஜே.சி.ஓ. இளம் லெஃப்டினன்டை எப்படிக் காப்பாற்றுவார் என்பதை நான் பார்த்துக் கற்றது அந்த மைதானத்தில்தான்.

குழு ஓட்டப் பந்தயத்துக்கு ஒரு போர் முழக்கம் வேண்டும் என்றார்கள். சீக்கியர் "போலே சோ நிஹால்" என்றார். கூர்க்கா "ஆயோ கோர்க்காலி" என்று அடம் பிடித்தான். நான் "வீர மதராஸி, அடி கொல்லு" என்றேன். விமானப்படைக்காரருக்கு எதுவும் பிடிக்கவில்லை. தடையைத் தாண்டுவதைவிட இந்தப் பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் பாரத மாதாவிடம் சமரசமானோம்.

நேர்முகத்தில் கர்னல் ஒருவர் கேட்டார். "நீ அதிகாரி. ராத்திரி ரோந்து போகிறாய். உன் பழைய நண்பன் சென்ட்ரியில் தூங்குகிறான். என்ன செய்வாய்?"

காவலில் தூங்குவது ராணுவச் சட்டப்படி கடுமையான குற்றம். அதைச் சொன்னேன். எழுப்புவேன், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வேறு ஆளை நிறுத்துவேன், மேலே தெரிவிப்பேன் என்றேன். கர்னல் தலையாட்டி அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். நானாகவே தொடர்ந்தேன்: "அப்புறம் டியூட்டிப் பட்டியலைப் பார்ப்பேன் சார். அவன் தொடர்ந்து எத்தனை ராத்திரி நின்றிருக்கிறான், யாருக்காக நின்றான் என்று." அவர் தாளை வைத்துவிட்டு, யாருக்காக என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். போஸ்டைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் அந்தப் போஸ்டைப் பற்றித்தான். சுபேதார் சாபின் கேள்விக்கான பதிலும் அந்த அறையில்தான் எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரிந்த ஒருவன் மேலே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பறை வேடிக்கையாக இருந்தது. இருபத்தைந்து வயதில் மீசையும் சர்வீஸும் ஏறியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் அறிவியல் குறிப்பெடுத்தார்கள். சிலருக்குக் கல்யாணமாகி, ஊரில் குழந்தைகூட இருந்தது. அப்பனும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வாரத்தில் பரீட்சை எழுதிய கதைகள் உண்டு. பிறகு அகாடமியில் தேசியப் பாதுகாப்பு அகாடமிப் பையன்களும், கல்லூரி முடித்து நேரே வந்த பட்டதாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். துப்பாக்கியைக் கண்ணை மூடிக் கழற்றி மாட்டுவதில் அவர்கள் எங்களிடம் கேட்டார்கள். சாப்பாட்டு மேஜையில் எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்று நாங்கள் அவர்களைக் கடைக்கண்ணால் பார்த்தோம்.

அகாடமியின் செட்வுட் மண்டபத்தில், அதிகாரி தன் சுகத்தை வரிசையில் கடைசியாக வைக்கவேண்டும் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் அதை நிமிர்ந்து பார்த்து மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அனந்தப்பூர்க்காரனின் சிவந்த கண்தான் ஞாபகம் வந்தது. அவன் அந்தக் கட்டடத்தின் படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

தோளில் நட்சத்திரம் ஏறி முதல் லீவில் ஊருக்கு வந்தேன். வேலூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருக்கிற ஊர். அப்பா ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி ஓட்டி நாயக்காகப் பென்ஷன் வாங்கியவர். சம்பள விவரத்தை எல்லாம் கேட்டுக்கொண்டார். மெஸ் பில் என்று ஒன்று வரும், ஆபீசர்கள் மாதாமாதம் கட்டவேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"சாப்பாட்டுக்குக் காசா? லங்கர்ல மூணு வேளை சும்மா போட்டாங்களேடா! நாலு வருஷம் படிச்சு, உள்ளதையும் வுட்டுட்டு வந்திருக்கியே."

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். பெருமைப்படுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

எனக்குக் கிடைத்தது வேறு ரெஜிமென்ட். பழைய கம்பெனி ஆட்கள் லீவிலும் ரெஜிமென்ட் விழாக்களிலும் கண்ணில் பட்டார்கள். வெலிங்டனில் ஒரு படாகானா விருந்தில் பழைய சி.எச்.எம். எதிரே வந்தார். அதற்குள் சுபேதார் ஆகியிருந்தார். விறைப்பாகச் சல்யூட் வைத்தார், நானும் வைத்தேன். கை இறங்கிய மறுநொடியே என் காலைப் பார்த்து, "சாப், ஷூ கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன்.

வருடங்கள் போய், கம்பெனி கமாண்டராக நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிப்பாயின் விண்ணப்பம் வந்தது, அதே கல்லூரிக்கு. பையனை உள்ளே கூப்பிட்டேன். ராஜஸ்தான்காரன், ஒல்லியாக, தயாராக வந்திருந்தான். ஷீட் ரோலில் சிவப்பு மை இல்லை. ஏன் அதிகாரியாக வேண்டும் என்று நான் கேட்பேன், தேசசேவை என்று சொல்லலாம் என்று உதட்டில் பதிலை வைத்துக்கொண்டு நின்றான். அதைக் கேட்கவில்லை.

"நீ படிக்கிற ராத்திரியில் உன் சென்ட்ரியை யார் நிற்கிறார்கள்?"

அவன் திடுக்கிட்டுப் பக்கத்தில் நின்ற சி.எச்.எம்.மைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பையன் மூச்சு விடாமல் மூன்று பெயர் சொன்னான். மூன்றாவது பெயரைச் சொல்லும்போது, "அவருக்குப் போன வாரம் ஜுரம் சாப், அதனால் நானே நின்றேன்" என்று சேர்த்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் அவன் தேறவில்லை. அடுத்த வருடமும் விண்ணப்பித்தான். டியூட்டிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று பேரும் இருந்தார்கள், புதிதாக நாலாவது ஆள் ஒருவனும் சேர்ந்திருந்தான்.